மயிலுக்குக் காரம் உறைக்காது

கேள்வி: செம்பருத்தி மொட்டு விட்டதும் மயில் வந்து கொத்தித் தின்றுவிடுகிறது. மிளகாய்க் கரைசல் தெளித்தும் பயனில்லை. முருகன் படத்துக்கு வைக்க ஒரு பூகூட மிஞ்சவில்லை. என்ன செய்ய?
- வாசகி, கோவை

பதில்: முருகனுக்கு வைக்கிற பூவை அவர் வாகனமே நேரில் வந்து வாங்கிக்கொள்கிறது, குறை சொல்ல முடியுமா! மிளகாய்க் கரைசல் குரங்கு, அணிலிடம் ஓரளவு பலிக்கும். பறவைகளுக்கு மிளகாய்க் காரம் உறைக்காது. கிளி பழமிளகாயை ரசித்துத் தின்பது அதனால்தான். நீங்கள் தெளித்தது வெறும் தாளிதம்! கல்லெடுக்கவும் வேண்டாம். மயில் 1963 முதல் தேசியப் பறவை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் வேறு இருக்கிறது. கைவைத்தால் நீங்கள் கம்பி எண்ண நேரும். அந்தக் கம்பியைச் செடிக்குப் போடுங்கள்: நாலு குச்சி நட்டு, சிறுகண் கம்பிவலையை மேற்புறமும் மூடி இழுத்துக் கட்டுங்கள். தொய்வான நைலான் வலை வேண்டாம், கால் சிக்கிக்கொள்ளும். அப்புறம் முருகனுக்குப் பூ, உங்களுக்கு ஓசியில் மயிலாட்டம்!