குந்தின எடம் நோவாம

டேய் பேராண்டி, மதகுக் கட்டை மேல குந்திக்கிட்டு அப்படிச் சாயாத. உள்ள வுழுந்தியானா தூக்கறதுக்கு எனக்குத் தெம்பில்ல. தென்னேரித் தண்ணியும் இந்த ஐப்பசியில சும்மா கெடக்கல. போனுக்குள்ள பைக்கு வலது பக்கம் திரும்புது, சரி. உன் தோளு எதுக்குத் திரும்புது? நாக்கு எதுக்கு வாயோரமா எட்டிப் பாக்குது? மேடு வந்தா பைக்குதான எகிறணும், நீ எதுக்கு எகிறற? ஒடம்பு மொத்தத்தையும் இப்படி ஆட்டிக்கிட்டு, வாயில மட்டும் "மோஷன் கன்ட்ரோல்லாம் வேஸ்ட்டு தாத்தா, அது சின்னப் பசங்க சமாச்சாரம்"னு சொல்ற பாரு, அதுதான் எனக்குத் தித்திப்பா இருக்குது.

புத்தி சொல்லப் போறேன், கேட்டுக்க. அதுக்கு உனக்கு இன்னா அருகதைன்னு கேப்ப. நம்ம உத்திரமேரூரு கல்வெட்டைப் பாத்திருக்கியா? பராந்தக சோழன் காலத்துல, 921ல வெட்டினது. குடவோலையில பேரு போடணும்னா வயசு 35க்கு மேல, 70க்குள்ள இருக்கணும்னு போட்டிருக்கான். நான் அந்தக் கோட்டைத் தாண்டி ரொம்ப நாளாச்சி. சபையில குந்தற தகுதி போச்சி. ஆனா 70 தாண்டினவன் புத்தி சொல்லக் கூடாதுன்னு எந்தச் செவுத்துலயும் வெட்டல. நான் சுத்திப் பாத்துட்டுத்தான் வந்தேன்.

நீ வேஸ்ட்டுன்ன அந்த மோஷன் கன்ட்ரோல் கதைக்கு வர்றேன். 2006 நவம்பர்ல நிண்டெண்டோக்காரன் 'வீ'ன்னு ஒரு பொட்டியைக் கடைக்குக் கொண்டாந்தான். அதுவரைக்கும் வீடியோ கேம்னா ரெண்டு கையிலயும் புடிச்சிக்கிற ஒரு கட்டை, அது பூரா பட்டன். எந்தப் பட்டனை எப்ப அமுக்கணும்னு மனப்பாடம் பண்ணவன் ராஜா. மத்தவன்லாம் பக்கத்துல குந்தி வாயைப் பொளந்துக்கிட்டுப் பாக்கணும். இவன் இன்னா பண்ணான், டிவி ரிமோட்டு சைசுல ஒரு குச்சியைக் கையில குடுத்து, "டென்னிஸா, வீசு. பௌலிங்கா, உருட்டு"ன்னுட்டான். வூட்டுப் பெரியவங்கல்லாம் எந்திரிச்சி நின்னுட்டாங்க. அமெரிக்காவுல, இங்கிலாந்துல முதியோர் இல்லத்துலயே டிவி முன்னால பௌலிங் போட்டி நடந்துச்சி. பத்துக் கோடிக்கு மேல வித்துச்சி அந்தப் பொட்டி.

அங்கதான் உங்க ஆளுங்களுக்கு வயிறு எரிஞ்சிச்சி. வருஷக் கணக்கா ராத்திரி முழிச்சி பட்டன் கத்துக்கிட்டவனை, நேத்து வந்த ஆயா மொத ஆட்டத்துலயே தோக்கடிச்சா அவன் இன்னா சொல்லுவான்? "ஆயா நல்லா ஆடுது"ன்னா சொல்லுவான்? "இது கேமே இல்ல"ன்னான்.

நாலு நாள் போனதும் அந்த வீரனே ஒரு குட்டு கண்டுபுடிச்சான். குச்சிக்குள்ள இருந்தது வேகத்தோட ஏத்த எறக்கத்தை மட்டும் மோப்பம் புடிக்கிற ஒரு சில்லு. நீ முழுக் கையை வீசினியா, மணிக்கட்டை லேசா வெடுக்குனு சொடுக்கினியான்னு அதுக்குப் பெருசா வித்தியாசம் தெரியாது. ஆக, சோபாவுல மல்லாந்துக்கிட்டே ஒரு சொடுக்கு, பந்து எதிர்ப்பக்கம். குறுக்கு வழியைக் கண்டுபுடிச்சவன் இவன். அப்பால "இன்னா இருந்தாலும் நெசம் டென்னிஸ் இல்லப்பா"ன்னு குறை சொன்னவனும் இவன்தான். சரி, கை திரும்பறதையும் சரியாப் பாக்கறோம்னு 2009ல கைரோஸ்கோப் வெச்ச ஒரு துண்டை அந்தக் குச்சிக்கு வாலா மாட்டினாங்க. நெசமாவே கையை ஒழுங்கா வீசணும்னு ஆனதும், மல்லாந்து கெடந்தவன் மூஞ்சியை நெனைச்சிப் பாரு.

நெசமா வீசினவனும் இருந்தான், இல்லன்னு சொல்லல. அவன் வீசின வீச்சுல குச்சி கையை வுட்டுப் பறந்து டிவியிலயே போய் அடிச்சிச்சி. பொட்டி வந்து மாசம் ஒண்ணுகூட சரியா ஆகல, 2006 டிசம்பர்லயே 32 லட்சம் கைக்கயித்தை மாத்தித் தர்றோம்னு கம்பெனி சொல்ல வேண்டியதாப் போச்சி. 0.6 மில்லிமீட்டர் தடிமன் இருந்த நூலை 1 மில்லிமீட்டர் ஆக்கினாங்க. அடுத்த வருஷம் குச்சிக்கு ரப்பர் சட்டையும் சும்மாவே குடுத்தாங்க. அதே 2007ல 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்'ல ஒரு கடுதாசி வந்துச்சி. 29 வயசு பயிற்சி டாக்டரு ஒருத்தரு ஞாயித்துக்கெழமை காலையில எந்திரிக்கிறாரு, வலது தோள்ல கடுமையான வலி. அடிபடல, வுழல. அதுக்கு முன்னால மணிக்கணக்கா டிவி எதுக்க டென்னிஸ் ஆடியிருக்காரு. வைத்தியம் இன்னா தெரியுமா? ஒரு வாரம் வலி மாத்திரை, ஆட்டத்துக்கு முழு லீவு. நெச மைதானத்துல ஓடியிருந்தா மூச்சு வாங்கி, தானா நின்னிருப்பாரு. கூடத்துல மூச்சு வாங்கல. அதனால தோளு கத்தற வரைக்கும் ஆடிட்டாரு.

இன்னொரு வேடிக்கை. டிவி மேல வைக்கறதுக்கு 'சென்சார் பார்'னு ஒரு பட்டை குடுப்பான். பேருதான் சென்சார், அதுக்குக் கண்ணும் இல்ல காதும் இல்ல. ரெண்டு ஓரத்துலயும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு வெளிச்சம், அவ்ளோதான். கண்ணு இருக்கறது குச்சியோட மூக்குல. பட்டை கெட்டுப் போனவங்க டிவிக்கு ரெண்டு பக்கமும் மெழுகுவத்தி ஏத்தி வெச்சி ஆடினாங்க, ஜோரா வேலை செஞ்சிச்சி. நெருப்புலயும் அந்த வெளிச்சம் இருக்குதே. இத்த உங்க ஆயாகிட்ட சொன்னேன். "வெளக்கு ஏத்துடான்னா ஏத்தாத பய, டென்னிஸ் வரும்னா ஏத்துவானா?"ன்னு கேட்டா. நீதான் பதில் சொல்லணும்.

வீ இம்மாம் சம்பாதிச்சதைப் பாத்துட்டு மத்தவன் சும்மா இருப்பானா? 2010ல சோனிக்காரன் நுனியில கலரு கலரா எரியற உருண்டை வெச்ச 'மூவ்' குச்சியைக் கொண்டாந்தான். அதுக்கு நம்ம மும்பையில டிரைன் கேம்ஸ்னு ஒருத்தங்க 'மூவ் ஸ்ட்ரீட் கிரிக்கெட்'னு ஒரு ஆட்டமே செஞ்சாங்க. தெருவுல ஆடற கிரிக்கெட்டை வூட்டுக்குள்ள நின்னு, மட்டை இல்லாத கையால ஆடறது. தெரு வெளியதான கெடக்குதுன்னு நான் கேக்கல. கேட்டா "தாத்தாவுக்குக் கிராபிக்ஸ் புரியல"ம்ப.

மைக்ரோசாப்ட்காரன் ஒரு படி மேல போனான். கையில குச்சியே வேணாம், ஒடம்பே குச்சின்னான். அதுதான் கினெக்ட், 2010 நவம்பர் 4. கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்துல, வாசல்ல கோலத்துக்குப் புள்ளி வைக்கறாப்ல, ரூம் பூரா புள்ளி தெளிக்கும். எந்தப் புள்ளி எங்க கோணுதுன்னு பாத்து, நீ எம்மாம் தூரத்துல நிக்கற, உன் முட்டி எங்க, முழங்கை எங்கன்னு 20 மூட்டைக் கணக்கெடுக்கும். மொத 60 நாள்ல 80 லட்சம் வித்து கின்னஸ்ல பேரு வாங்கிச்சி.

மெட்ராஸ்ல உங்க அத்தை வூட்ல ஒரு தடவை என்னையும் இந்த மாதிரி கேமராப் பொட்டி ஒண்ணு முன்னால நிக்க வெச்சானுங்க. எந்தக் கம்பெனின்னு கேக்காத, நான் பாக்கல. அந்த வூட்ல கூடம்னா அதுவே சாப்பாட்டு அறை, அதுவே ஃபிரிட்ஜுக்கும் எடம். டீப்பாயைத் தூக்கி பால்கனியில போட்டாச்சி, சோபாவைச் செவுத்தோட ஒட்டியாச்சி, உங்க மாமாவை சமையக்கட்டுக்கு அனுப்பியாச்சி. எதுத்தாப்ல டிவிக்குள்ள இருந்து ஒருத்தன் பந்தை எறியறான். எனக்கு அப்பதான் வேட்டி நழுவுது. மடிச்சிக் கட்டக் குனிஞ்சேன். டிவியில என் பொம்மையும் குனிஞ்சிச்சி, பந்து தலைக்கு மேல போயிடுச்சி. "தாத்தா சூப்பரா தப்பிச்சாரு"ன்னு உங்க அத்தை பையன் குதிக்கறான். அன்னிக்கு ராத்திரி பூரா அந்த வூட்ல நான்தான் சாம்பியன். பட்டன் ராஜா ஒருத்தனும் அங்கதான் இருந்தான். மூஞ்சைத் தூக்கி வெச்சிக்கிட்டு எனக்கு ஒரு காப்பி தண்ணிகூட குடுக்கல.

ஆனா நியாயத்தையும் சொல்லிப்புடணும். உங்க ஆளுங்க சொன்ன குறையில பாதி நெசம். கினெக்ட்டுக்கு ஆறடி தள்ளி நிக்கணும். ரெண்டு பேருன்னா எட்டடி. ஜப்பான்லயும் லண்டன்லயும் மெட்ராஸ்லயும் எவன் வூட்ல அம்மாம் எடம் வெறுமனே கெடக்குது? அதுக்குன்னே கேமரா மேல மாட்டற லென்ஸு வேற தனியா வித்தாங்க. நீ கையைத் தூக்கினா பொம்மை கொஞ்சம் யோசிச்சிட்டுத்தான் தூக்கும். சுடற ஆட்டத்துல அந்த யோசனைக்குள்ள உன்னைப் பொதைச்சிடுவானுங்க. பட்டனை அமுக்கினா 'டக்'குனு ஒரு பதிலு வெரலுக்கு வரும், காத்துல குத்தினா இன்னா வரும்? இதெல்லாம் நானும் ஒத்துக்கறேன். குறையைச் சொன்னது தப்பில்ல. குறை மட்டும்தான் காரணம்னு சொல்ற பாரு, அங்கதான் எனக்குச் சிரிப்பு வருது.

மைக்ரோசாப்ட்காரன் 2013ல, அடுத்த எக்ஸ்பாக்ஸ் பொட்டியோட கினெக்ட்டையும் சேத்துத்தான் வாங்கணும்னான். 499 டாலரு. ஒடனே "எங்க வூட்டுக் கூடத்துல எந்நேரமும் முழிச்சிக்கிட்டிருக்கிற கேமராவா? கேட்டுக்கிட்டே இருக்கிற மைக்கா?"ன்னு பெரிய கூச்சல். அமெரிக்க அரசாங்கம் ஊரான் போனை ஒட்டுக் கேட்ட சங்கதியை ஸ்னோடென் போட்டு ஒடைச்சதும் அதே வருஷம்தான், கேக்கணுமா? 2014ல ஒரு கூத்து நடந்துச்சி. 'பிரேக்கிங் பேட்' சீரியல்ல நடிச்ச ஆரன் பால் ஒரு விளம்பரத்துல "எக்ஸ்பாக்ஸ் ஆன்"னு சொல்றாரு. விளம்பரம் டிவியில ஓட ஓட, பாத்துக்கிட்டிருந்தவங்கள்ல சில பேரு வூட்டுப் பொட்டி தானா முழிச்சிக்கிச்சி. எஜமான் குரலுக்கு எந்திரிக்காத பொட்டி கூட நடிகன் குரலுக்கு எந்திரிச்சிடும் போலன்னு எனக்குத் தோணுச்சி. அந்த வருஷமே கினெக்ட் இல்லாம 399 டாலருக்கு வித்தான். 2017 அக்டோபர்ல செய்யறதையே நிறுத்திட்டான்.

"பாத்தியா தாத்தா, தோத்துப்போச்சி"ன்னு சிரிக்காத. மொத கினெக்ட்டுக்கு அந்தப் புள்ளி வித்தையைக் குடுத்தது பிரைம்சென்ஸ்னு ஒரு இஸ்ரேல் கம்பெனி. 2013ல அதை ஆப்பிள்காரன் வாங்கிப்போட்டான். 2017ல ஐபோன் பத்து வந்துச்சே, மூஞ்சியைக் காட்டினா தெறக்குமே, அது 30,000க்கு மேல புள்ளியை உன் மூஞ்சியில தெளிச்சித்தான் உன்னை அடையாளம் கண்டுக்குது. ஐபோனை இப்ப எங்க கோக்கறாங்க? தோ, சுங்குவார்சத்திரம் பக்கம், ஃபாக்ஸ்கான்ல. விடியங்காட்டி நம்ம ரோட்ல கம்பெனி பஸ்ஸு போகுதே, உள்ள குந்தி அரைத்தூக்கத்துல தலை ஆடிக்கிட்டே போற பொண்ணுங்கள்ல எத்தினி பேரு அந்த வேலைக்குப் போகுதுங்க தெரியுமா? கூடத்துல கேமரா இருந்தா மானம் போச்சின்னு கத்தினவன் எல்லாம் இப்ப ஒரு நாளைக்கு நூறு தடவை அவனாவே மூஞ்சைத் தூக்கிக் காட்டறான். படுக்கையில காட்டறான், கக்கூஸ்ல காட்டறான்.

இப்ப உன் கதைக்கு வர்றேன். பப்ஜியை 2020 செப்டம்பர்ல அரசாங்கம் தடை பண்ணப்ப நீ ரெண்டு வேளை சோறு திங்கல. அடுத்த வருஷம் பிஜிஎம்ஐ-ன்னு பேரை மாத்திக்கிட்டு வந்ததும்தான் மூஞ்சியில ரத்தம் ஓடிச்சி. அந்த ஆட்டத்துல கைரோன்னு ஒண்ணு இருக்குதே, அது இன்னா? போனுக்குள்ள ஒரு சிலிக்கான் துணுக்கு ஓயாம அதிர்ந்துக்கிட்டே இருக்கும். போனை நீ திருப்பினா அந்த அதிர்வு கோணும், அதை அளந்து துப்பாக்கி குறியை நகத்தும். சுடறப்ப துப்பாக்கி மேல எகிறுதா, போனை லேசாக் கீழ சாய்ச்சி அடக்கற. "கைரோ இல்லாதவன் 6எக்ஸ் ஸ்கோப்ல ஸ்ப்ரே அடிக்கவே முடியாது"ன்னு நேத்துகூட உன் கூட்டாளிக்கு கிளாஸ் எடுத்த. "கைரோ இல்லாத போனு போனே இல்ல"ன்னு உங்க நைனாவைப் புடுங்கி எடுத்து இந்தப் போனை வாங்கின.

இதுக்குப் பேரு இன்னாடா? கையை ஆட்டினா குறி ஆடுது. வீ குச்சிக்கு 2009ல மாட்டின அதே வாலுதான்டா இது! 2015ல 'ஸ்ப்ளாட்டூன்'ல மை அடிச்சி வெளையாடினப்பவே நிண்டெண்டோக்காரன் இப்படித்தான் குறி பாக்க வெச்சான். அன்னிக்குச் சின்னப் பசங்க சமாச்சாரம், இன்னிக்கு உனக்கு வீர வித்தை. நடுவுல இன்னா மாறிச்சின்னு யோசிச்சேன். வித்தை ஒண்ணும் பெருசா மாறல. அன்னிக்கு எந்திரிச்சி நிக்கச் சொன்னான், டீப்பாயை நகத்தச் சொன்னான், நாலு பேரு பாக்க கையைக் காலை ஆட்டச் சொன்னான். இன்னிக்கு அரை அங்குலம் சாய்ச்சா போதும்ங்கறான். அசையறதுல உங்களுக்குச் சண்டை இல்ல. குந்தின எடம் நோவாம அசையணும். அசையறது அடுத்தவனுக்குத் தெரியவும் கூடாது, ஆயா வந்து ஜெயிச்சிடவும் கூடாது.

அதனால தாத்தா சொல்றபடி கேளு. கைரோவை ஸ்கோப்புக்கு மட்டும் போட்டுக்க. எந்நேரமும் ஆன்ல வெச்சிக்கிட்டு நீ பஸ்ஸுல ஆடற அழகை நான் பாத்தேன், வாலாஜாபாத்து வளைவுல டிரைவரு ஒடிச்ச ஒடிப்புல நீ மச்சு வூட்டுச் செவுத்தைச் சுட்டுக்கிட்டிருந்த. சென்சிட்டிவிட்டியை ஊரான் சொன்ன நம்பருக்கு வெக்காத. அவன் மணிக்கட்டு வேற, உன் மணிக்கட்டு வேற. கழனியில மண்வெட்டி புடிச்ச கை உனக்கு இல்ல, அது தெரிஞ்ச சங்கதிதான். சார்ஜு போட்டுக்கிட்டே ஆடாத, ஒயரு இழுத்தா குறி தப்பும். ஆட்டம் தோத்துட்டா மொதல்ல "லேக்கு"ன்னு சொல்லு, அப்பால "நெட்டு இல்ல"ன்னு சொல்லு. "கைரோ கோளாறு"ன்னு மட்டும் சொல்லாத, உங்க நைனா காதுல வுழுந்தா அடுத்த போனு பட்டன் போனுதான்.

இன்னொண்ணு. ராத்திரி உங்க ஆயா போனைக் கேட்டா சார்ஜ் இல்லன்னு சொல்லிடு. அன்னிக்கு நீ குளிக்கப் போனப்ப வாங்கி, இப்படியும் அப்படியும் சாய்ச்சி ரெண்டு பேரை வுழ வெச்சிட்டா. எதுக்குடி சுட்டன்னு கேட்டேன். "முழிச்ச முழியே சரியில்ல"ங்கறா.