மருந்துக்கு நடுவில் தாலி எதற்கு?

தனியாகப் பேசுகிறவர்களுக்கெல்லாம் மனச்சிதைவு நோயா?
சமைக்கும்போது தனக்குத்தானே பேசாதவர் யார்? யாருமே இல்லாத இடத்தில் குரல் கேட்டு, அதற்குப் பதில் சொல்வதுதான் அறிகுறி. ‘சோற்றில் விஷம் வைக்கிறார்கள்’, ‘டிவியில் என்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள்’ என்று அசைக்க முடியாமல் நம்புவதும், பேச்சு கோர்வையில்லாமல் போவதும் அப்படித்தான்.

20 வயது மகன் குளிப்பதில்லை, அறையை விட்டு வருவதில்லை. சோம்பேறித்தனம்தானே?
அந்த முடிவுக்கு அவசரப்பட்டு வராதீர்கள். ஆண்களுக்கு இந்நோய் பெரும்பாலும் இந்த வயதில்தான் தலைகாட்டும். மனச்சோர்வாகவும் இருக்கலாம். திட்டுவதை நிறுத்திவிட்டு மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

‘அந்நியன்’ படத்தில் விக்ரமுக்கு வந்தது இதுதானா?
இல்லை. ஒரே ஆள் பல ஆட்களாக மாறுவது வேறு கோளாறு.

என் வளர்ப்பில் கோளாறா?
இல்லவே இல்லை. பரம்பரை, மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருளின் சமநிலை குலைவது என்று காரணங்கள் பல. கஞ்சா ஆபத்தைக் கூட்டும். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு ஏறத்தாழ 10 சதவீதம். அதாவது, பெரும்பாலான பிள்ளைகளுக்கு வருவதில்லை.

‘குரல் கேட்கிறது’ என்கிறாள் தங்கை. என்ன சொல்ல?
‘அதெல்லாம் பிரமை’ என்று வாதாடாதீர்கள். ‘எனக்கும் கேட்கிறது’ என்று ஒத்தும் ஊதாதீர்கள். ‘எனக்குக் கேட்கவில்லைம்மா, உனக்குக் கேட்பது எவ்வளவு கஷ்டம் என்று புரிகிறது’ என்று சொல்லுங்கள்.

கல்யாணம் செய்துவைத்தால் சரியாகிவிடுமாமே?
ஆகாது. மறைத்துக் கட்டிக்கொடுத்த பெண், புகுந்த வீட்டில் மாத்திரையைப் புடவை மடிப்பில் ஒளித்து வைப்பாள். மாமியார் கண்ணில் பட்டுவிடுமோ என்று பயந்து ஒருநாள் நிறுத்தியும் விடுவாள். நோய் திரும்பும், பழி அவள் தலையில் விழும். முதலில் சிகிச்சை; பிறகு, உண்மையைச் சொல்லிக் கல்யாணம்.

மாத்திரை வெறும் தூக்கத்துக்குத்தானே?
இல்லை. குரல்களையும் சந்தேகங்களையும் அடக்குவதுதான் அதன் வேலை. தூக்கம், எடை கூடுதல், கைநடுக்கம் வரலாம். மருத்துவரிடம் சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்றுவார். தினமும் விழுங்க மறுப்பவர்களுக்கு மாதம் ஒரு ஊசி போடும் வழியும் உண்டு. தேறிவிட்டது என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். நோய் திரும்ப முக்கியக் காரணமே அதுதான்.

கோயிலுக்கோ தர்காவுக்கோ கூட்டிப்போவது தப்பா?
கும்பிடுவது தப்பில்லை, கட்டிப்போடுவதுதான் தப்பு. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி தர்கா அருகே மனநலக் காப்பகத்தில் பிடித்த தீயில், சங்கிலியில் கிடந்தவர்கள் ஓட வழியின்றி வெந்தார்கள். இறந்தவர்கள் 28 பேர். 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் சங்கிலியைத் தடை செய்திருக்கிறது. சாமி கும்பிடப் போகும்போதும் மாத்திரையை எடுத்துப் போங்கள்.

குணமாகுமா?
சிலருக்கு முழுவதும், பலருக்குக் கட்டுக்குள். மனநல மருத்துவர் சாரதா மேனன் 1984இல் சென்னையில் தொடங்கிய ‘ஸ்கார்ஃப்’ அமைப்பு, மருந்தோடு வேலைப் பயிற்சியும் தந்து பலரை நிமிர வைத்திருக்கிறது. எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14416 என்ற மனநல உதவி எண்ணுக்கு அழையுங்கள், கட்டணம் கிடையாது. இன்றே அழையுங்கள்.