மடக்கண்ணன்

கலிபோர்னியாவின் ஃப்ரீமான்ட் பக்கம் குடியிருக்கிற தமிழர் எவருக்கும் மடக்கண்ணன் ஒருவரைத் தெரிந்திருக்கும். பெயரைத் தப்பாகப் பிரித்துப் பொருள் கொள்ள வேண்டாம். மடங்குகிற சாமான் எதைக் கண்டாலும் வாங்கிவிடுகிற அண்ணன், அவ்வளவுதான். மடக்குச் சைக்கிள், மடக்கு மேஜை, மடக்கு வாளி, சிலிக்கானில் மடக்குக் கெட்டில். கெட்டில் மடங்குவதால் என்ன லாபம் என்று கேட்டால் நம்மை இரக்கத்தோடு பார்ப்பார். ஊரில் அவருடைய அப்பாவிடம் சிங்கப்பூரிலிருந்து வந்த மூன்று மடிப்புக் குடை ஒன்று இருந்ததாம். மழையில் விரித்தால் கம்பி துருப்பிடிக்கும் என்று வெயிலில் மட்டுமே விரிப்பாராம். வழிவழியாக வருகிற வியாதி.

போன கோடையில் மடக்குக் கயாக் வந்து சேர்ந்தது. மடித்தால் பெரிய சூட்கேஸ் அளவு, எடை எட்டுக் கிலோ. விரித்தால் ஒன்பதடிப் படகு. பாலிபுரொப்பிலீன் நெளி பிளாஸ்டிக்கில் செய்தது. இங்கே வீட்டு வாசல்களில் 'விற்பனைக்கு' என்று நட்டு வைக்கிற தட்டிகூட அதே சரக்குதான். தெரியாத்தனமாக அதை வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். அவர் முகம் வாடியதைப் பார்த்து, "ஆனா கலர் நல்லாருக்குண்ணே" என்று சமாளித்தேன்.

"சும்மா இல்ல தம்பி" என்று அவர் தொடங்கினால் சரித்திரம் வரும். 1905இல் ஆல்ஃபிரட் ஹாய்ரிச் என்ற ஜெர்மன் மாணவர் ஒரு மடக்குப் படகைக் கட்டி ஈசார் ஆற்றில் விட்டார். அதைச் செய்யும் உரிமையை வாங்கிக்கொண்டவர் ரோசன்ஹைம் ஊர் கிளெப்பர், தொழிலால் தையல்காரர். 1932இல் ஆஸ்கர் ஸ்பெக் என்பவர் உல்ம் நகரில் டான்யூபில் துடுப்புப் போட ஆரம்பித்தார். மடக்குப் படகிலேயே இந்தியக் கரையோரமும் வந்து, ஏழு வருடம் கழித்து ஆஸ்திரேலியா போய்ச் சேர்ந்தார். இதற்குள் உலகப் போர் மூண்டுவிட்டதால், ஜெர்மன்காரர் என்று பிடித்து உள்ளே வைத்துவிட்டார்கள். இந்தக் கடைசிப் பகுதியை மட்டும் அண்ணன் சொல்வதில்லை, நானாகத் தேடிப் படித்தது.

நம் காலத்து ஆண்டன் வில்லிஸ், சான்பிரான்சிஸ்கோவில் சின்ன வீட்டுக்குக் குடிபோனபோது தன் கயாக்கை வைக்க இடமில்லாமல் தவித்தார். ஓரிகாமி பற்றிய கட்டுரை ஒன்றைப் படித்துவிட்டு, காகிதத்தை மடித்து மடித்துப் பார்த்து ஒரு படகையே உண்டாக்கிவிட்டார். அதற்கு வைத்த பெயரும் 'ஒரு'. ஜப்பானிய மொழியில் மடிப்பது என்று பொருள். அண்ணன் வாங்கியதும் அதுதான்.

"தமிழ்ல ஒண்ணுன்னு பொருள்" என்றார் அண்ணி, அடுக்களையிலிருந்தபடியே. "ஒண்ணோட நிறுத்திக்குங்க."

அண்ணனுக்கு நீச்சல் தெரியாது. மன்னார்குடியில் ஹரித்ராநதிக் கரையிலேயே வளர்ந்தவர், முழங்காலுக்கு மேல் நனைந்ததில்லை. அதனால் ஒத்திகை எல்லாம் ஹாலில்தான். சோபாவை ஓரங்கட்டி, படகை விரித்து, வார்களை இழுத்து மாட்டி, உள்ளே உட்கார்ந்து, டிவி பக்கமாகத் துடுப்பு வலிப்பார். புதுப் படகின் மடிப்புகள் முறுக்கிக்கொண்டு நிற்கும். ஒரு பக்கத்தை முழங்காலால் அழுத்தினால் மறுபக்கம் முகவாய்க்கட்டையைத் தேடி எழும். இருபதாயிரம் தடவை மடிக்கலாமாம். தினம் ஒரு மடிப்பு என்றால் ஐம்பத்து நாலு வருஷம் வரும் என்று அண்ணி கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்.

ஒருவழியாக ஒரு சனிக்கிழமை லிவர்மோர் பக்கத்து ஏரிக்குக் கிளம்பினோம். 2024 அக்டோபரில் ஸ்டாக்டன் துறைமுகத்தில் 'கோல்டன் மஸல்' என்ற அந்நிய மட்டி தட்டுப்பட்டதிலிருந்து இந்தப் பக்கத்து ஏரிக்காரர்களுக்கு எந்தப் படகைக் கண்டாலும் சந்தேகம். ஈரப் படகில் ஒட்டிக்கொண்டு ஏரிக்கு ஏரி குடியேறிவிடுமாம். வாசலில் சோதிக்க வந்த பெண், இந்தப் படகைக் கடைசியாக எங்கே இறக்கினீர்கள் என்று கேட்டாள்.

"எங்க வீட்டு ஹால்ல" என்றார் அண்ணன், ஆங்கிலத்தில், உண்மையாக.

அவ்வளவு உலர்ந்த படகை அவள் அதுவரை பார்த்திருக்க மாட்டாள். உடனே விட்டுவிட்டாள்.

கரையில் பெட்டியைத் திறந்ததும் கூட்டம் சேர்ந்தது. அண்ணன் கோயில் வாசல் மோடி மஸ்தான் மாதிரி ஆகிவிட்டார். விரித்தார், மாட்டினார். பின்னால் வந்த இருவர் ஆரம்பத்தைப் பார்க்கவில்லை என்று வருந்தியதால் கழற்றி, மடித்து, மறுபடி விரித்தார். நான் கொண்டுபோன எலுமிச்சைச் சாதம் தீர்ந்தது.

பிறகுதான் தண்ணீர். உயிர்காப்பு ஜாக்கெட்டை மூச்சு முட்ட இறுக்கிக்கொண்டு, ஒரு காலைப் படகிலும் மறு காலைப் பூமியிலும் வைத்தபோது, படகு கிளம்பிவிட்டது, அண்ணன் கிளம்பவில்லை. பிடித்து இழுத்து உட்காரவைத்தேன். எட்டுக் கிலோப் படகுக்குக் காற்று லேசாக வீசினாலே போதும், மூக்கைத் திருப்பிக்கொள்ளும். வலப்பக்கம் வலித்தால் இடப்பக்கம் திரும்பியது. பயந்து மறுபடி வலப்பக்கமே வலித்தார். செக்குமாடு தோற்றது. துடுப்பை உயர்த்தும்போதெல்லாம் அதன் வழியாகத் தண்ணீர் வழிந்து மடியில் இறங்கியது. கனடா வாத்து ஒன்று சற்று நேரம் கூடவே நீந்திப் பார்த்துவிட்டு, இது தேறாது என்று தன் வழியே போனது.

பதினொரு நிமிடத்தில் கரையேறினார். முகத்தில் கோடியக்கரையிலிருந்து யாழ்ப்பாணம் வரை போய்வந்த களை.

ஈரத்தோடு மடித்தால் நாற்றம் பிடிக்குமே! அண்ணன் பழைய வேட்டியால் ஒவ்வொரு மடிப்பாகத் துடைத்தார், குழந்தைக்குத் தலை துவட்டுகிற மாதிரி. பிறகு வெயிலில் காயவைத்தார். வெயில் போகிற பக்கமெல்லாம் படகைத் திருப்பித் திருப்பி வைத்தார். படகு அன்று தண்ணீரில் போன தூரத்தைவிடப் புல்லில் போன தூரம் அதிகம்.

சாயங்காலம் பெட்டியாக மடித்துக்கொண்டிருந்தபோது, ஐஸ்கிரீமும் கையுமாக ஒரு பையன் வந்து நின்றான்.

"அங்கிள், இது மிதக்குமா?"

"மிதக்கும், மிதக்கும்" என்றார் அண்ணன் அலட்சியமாக. மாட்டிய வார்களை ஒவ்வொன்றாக அவிழ்த்து, படகை மறுபடி புல்லில் விரித்தார். "அதை விடு. இங்க வந்து நில்லு. இது எப்படி மடங்குதுன்னு பாரு."