‘ஏ’ போட்ட பட்டியல்

கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் நான் குடியிருக்கும் வளவு என்னுடையதல்ல. மனைவிக்குச் சீதனமாக வந்தது. எங்கள் கிழக்கிலங்கைப் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். மாப்பிள்ளை ஒரு சூட்கேசோடு வந்து சேருவார். 1988இல் நானும் அப்படித்தான் வந்தேன். மாமா மாமி முன்வீட்டைக் காலிசெய்து பின்பக்கம் போனார்கள். 2014இல் என் மகளுக்குக் கல்யாணம் நடந்தது. முன்வீட்டின் உறுதி மகள் பெயருக்குப் போனது. நானும் மனைவியும் பின்வளவில் இரண்டு அறை போட்டுக்கொண்டு ஒதுங்கினோம். இதில் யாருக்கும் அதிர்ச்சி இல்லை. பெண்பிள்ளை பிறந்தது என்று கேட்ட அன்றே வாப்பாமார் செங்கல் கணக்குப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். எனக்கு இருபத்து நான்கு வருட முன்னறிவித்தல் கிடைத்தது. இவ்வளவு நீண்ட அறிவித்தலை எந்தக் கம்பனியும் தன் வாடிக்கையாளருக்குக் கொடுத்ததாக நான் அறியேன்.

அதே 2014ஆம் ஆண்டு ஏப்ரல் 8ஆம் திகதிதான் மைக்ரோசொப்ட் விண்டோஸ் எக்ஸ்பீயையும் கைகழுவியது. நான் அப்போது அரசாங்கக் கந்தோர் ஒன்றில் கிளாக்கர். மேசையில் எக்ஸ்பீ. ஏப்ரல் 9ஆம் திகதி காலையில் பொத்தானை அமுக்கினேன், வழக்கம்போல எழும்பியது. ‘சும்மா பயமுறுத்துகிறார்கள்’ என்று முடிவுகட்டினேன். என் வாழ்க்கையின் பிழையான முடிவுகள் எல்லாம் இப்படி ஏதோ ஒன்று மறுநாள் காலையிலும் வேலைசெய்ததால் எடுத்தவைதான்.

வீட்டு லெப்டொப்பில் விண்டோஸ் 10. 2015இல் அது வந்தபோது, இதுதான் கடைசி விண்டோஸ் என்று மைக்ரோசொப்ட் ஊழியர் ஒருவர் மாநாட்டு மேடையிலேயே சொன்னார். கடைசி என்றால் கடைசிதானே? நான் நம்பினேன். பிறகு 11 வந்தது. பத்துக்கு 2025 ஒக்டோபர் 14உடன் ஆதரவு முடியும் என்றார்கள். திரையின் மூலையில் அந்த அறிவித்தல் வந்துகொண்டே இருந்தது. நான் ‘பிறகு நினைவூட்டு’ என்பதை அமுக்கிக்கொண்டே இருந்தேன். அந்தப் பொத்தான் மட்டும் வீட்டிலும் இருந்திருந்தால் என் இல்லறம் இன்னும் இனித்திருக்கும்.

கட்டாரில் இருக்கும் மகன்தான் போனில் விளக்கம் சொன்னான்.

“வாப்பா, மைக்ரோசொப்ட் ரெண்டு பட்டியல் வெச்சிருக்காங்க. ஒண்டு, தூக்கியாச்சு எண்ட பட்டியல். மற்றது, டெப்ரிகேட்டட். அப்படியெண்டா உடனே தூக்க மாட்டாங்க. இருக்கும். ஆனா புதுசா ஒண்டும் செய்ய மாட்டாங்க. பிறகு ஒரு நாளைக்குத் தூக்குவாங்க.”

“அப்ப அது என்னைய மாதிரி எண்டு சொல்லு.”

அவன் மறுக்கவில்லை. லைன் சரியில்லை என்றான்.

இந்தப் பட்டியல் விவகாரத்தில் எனக்கு முன்அனுபவம் உண்டு. அரசாங்க ஊழியரின் ஓய்வு வயதை 2022 ஜனவரியில் 65 ஆக ஏற்றினார்கள். எனக்கு அப்போது 59. ஐந்து வருடம் லாபம் என்று மனைவியிடம் கணக்குக் காட்டி, முன்பக்கத்துக்குக் கேற் போட ஓடர் கொடுத்தேன். அதே வருட நடுவில் நாடு வங்குரோத்தாகி, வயதை மறுபடி 60க்கு இறக்கினார்கள். அறுபதைத் தாண்டிய எல்லாரும் டிசம்பர் 31ஆம் திகதி வீட்டுக்கு. ஒரே வருடத்துக்குள் எனக்கு ஆயுள் நீடிப்பும் கிடைத்தது, அது பறிபோகவும் செய்தது. கேற் மட்டும் வந்து சேர்ந்தது. ஆகவே விண்டோஸ் 10க்கு இன்னும் ஒரு வருடம், 2026 ஒக்டோபர் 13 வரை, பாதுகாப்பு அப்டேட் தருவோம் என்று மைக்ரோசொப்ட் அறிவித்தபோது நான் கேற் எதுவும் ஓடர் பண்ணவில்லை. முப்பது டொலர் கட்டலாம், ஆயிரம் புள்ளி கொடுக்கலாம், அல்லது கணக்கில் நுழைந்து செட்டிங்ஸை பெக்அப் செய்தால் சும்மாவே கிடைக்கும். சும்மா என்பதற்கு எழும்பி உட்கார்ந்தேன். பாஸ்வேர்டை நான் ஒரு சீஆர் கொப்பியில் பத்திரமாக எழுதி வைத்திருந்தேன். தேடி எடுத்துப் பார்த்தேன். ‘மைக்ரோசொப்ட் - வழமையான பாஸ்வேர்ட்’ என்று என் முத்துப்போன்ற கையெழுத்தில் இருந்தது.

சரி, பதினொன்றுக்கே போய்விடலாம் என்றால், அதற்கு டீபீஎம் 2.0 என்ற சில்லு வேண்டும். இன்டெல் என்றால் எட்டாவது தலைமுறையிலிருந்து வேண்டும். என் லெப்டொப் ஆறாவது தலைமுறை. பேரப்பிள்ளையின் மாப்பிள்ளைக்குக்கூட இவ்வளவு தலைமுறை விசாரிக்க மாட்டோம்.

மகன் ஒரு யோசனை சொன்னான். “அவசரப்படாம ஒரு பிளான் போடுங்க. நீங்க என்னென்ன பாவிக்கிறீங்க எண்டு எழுதுங்க. அதில எது நிக்கும், எது போகும், போறதுக்குப் பதில் என்ன எண்டு பக்கத்தில எழுதுங்க.” கிளாக்கர் வேலை! கொப்பியில் மூன்று கலம் கீறினேன். முதல் கலம் நிறைய நிறைய எனக்கே வெட்கமாக இருந்தது. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர்: 2022 ஜூன் 15இல் ஓய்வு. விண்டோஸ் மெயில்: 2024 முடிவோடு சரி. ஸ்கைப்: 2025 மே. வேர்ட்பேட்: 95ஆம் ஆண்டு விண்டோஸோடு வந்து, 2024இல் வந்த பதிப்பில் காணாமல் போனது. பெயின்ட்டுக்கும் 2017இல் நாள் குறித்தார்கள். உலகம் முழுக்க ஆட்கள் ஒப்பாரி வைத்ததில் அது தப்பிப் பிழைத்துக்கொண்டது. வேர்ட்பேட்டுக்கு அப்படி அழ ஆளில்லை. நான் ஒருவன் இருந்தேன், எனக்குச் செய்தியே பிந்தித்தான் கிடைத்தது.

எழுத்துருக்களும் அப்படித்தான். எக்ஸ்பீ காலத்திலிருந்து நாம் பார்த்த லதா, விண்டோஸ் 10இல் தேவையானவர் தனியாக இறக்கிக்கொள்ளும் மேலதிகச் சாமானாகிவிட்டது. “லதாவ எடுத்துட்டு நிர்மலாவக் கொண்டு வந்திருக்காங்களா?” என்று நான் போனில் சத்தமாகக் கேட்டேன். குசினியில் தேங்காய் திருவும் சத்தம் நின்றது. அதை மறுபடி தொடங்கவைக்க அரை மணித்தியாலம் பிடித்தது.

மனைவிக்குக் கணினி தெரியாது. ஆனால் வீட்டிலிருந்து எதையாவது அகற்றுவதற்கு அவளிடம் ஒரு சட்டம் இருக்கிறது: புதுசு ஒரு மாரியைத் தாண்டவேண்டும். அதுவரை பழசு அசையாது. 2019இல் குசினி மூலையிலிருந்த விறகு அடுப்பை உடைத்துவிட்டு அங்கே என் கணினி மேசையைப் போடத் திட்டம் தீட்டினேன். காஸ் அடுப்பு வந்து பல வருடம், இனி இந்தக் கரி எதற்கு என்று பிரசங்கம் செய்தேன். “ரெண்டும் கிடக்கட்டும்” என்றாள். 2022இல் சிலிண்டருக்கு நாடே வரிசையில் நின்றபோது, நானும் வெறும் சிலிண்டரை உருட்டிக்கொண்டு விடியற்காலையில் போய், வெறும் சிலிண்டரோடு மத்தியானம் திரும்பினேன். அந்த விறகு அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. அவள் ஒன்றும் பேசவில்லை. அகப்பையால் ஒரு தட்டுத் தட்டினாள், அவ்வளவுதான். அன்றிலிருந்து என் கணினி மேசை கோழிக்கூட்டுக்குப் பக்கத்து விறாந்தையில்.

பழசு போவதற்கும் புதுசு வருவதற்கும் இடையிலுள்ள நாட்களைப் பற்றி எங்கள் ஊருக்குக் கணினி சொல்லித்தரத் தேவையில்லை. கிண்ணியாவிலிருந்து திருகோணமலைக்குப் போக அந்தக் காலத்தில் துறையடியில் பாதைக்குக் காத்துக்கிடந்தோம். மற்ற ஊரார் பாதை என்றால் தெரு என்று நினைப்பார்கள். எங்களுக்கு அது பஸ்ஸையும் ஆட்களையும் சுமந்து கடலைக் கடக்கும் தெப்பம். 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளத்தில் கிண்ணியாப் பாலம் திறந்தது. அதுவரை பாதை ஓடியது, பாலம் வந்தபின் ஓய்வு பெற்றது. முறையாக நடந்த காரியம். எங்கள் குறிஞ்சாக்கேணிப் பாலத்துக்கு அந்த வரிசை மாறிப்போனது. பழைய பாலம் புதிதாகக் கட்டுவதற்காகப் போய், புதியது வராத இடைவெளியில் ஒரு மிதவைப் பாதையில் ஆட்கள் களப்பைக் கடந்தார்கள். 2021 நவம்பர் 23 காலை அது கவிழ்ந்தது. பள்ளிக்கூடம் போன பிள்ளைகளைப் பறிகொடுத்தோம். இந்தப் பந்தியில் எனக்குப் பகிடி வராது.

இவ்வளவும் தெரிந்த ஊரில் இருந்துகொண்டு நான் செய்ததைக் கேளுங்கள்.

நான் எங்கள் பகுதி ஜனாஸா சங்கத்தின் செயலாளர். அங்கத்தவர் பட்டியல், சந்தா, யாருக்குக் கபன் துணி கொடுத்தது எல்லாம் என் லெப்டொப்பில். அத்தனையும் வேர்ட்பேட்டில், பாமினியில். பாமினியை அறியாத இளசுகளுக்கு ஒரு சொல்: அது ஆங்கில எழுத்துக்கு மேலே தமிழ் வேடம் போட்டிருக்கும் எழுத்துரு. பழைய தட்டச்சுப் பொறியின் விசை ஒழுங்கில் விரல் பழகியவர்களுக்குச் சொர்க்கம். சி, கே, செமிகோலன், கே, எச் என்று தட்டினால் திரையில் ‘உம்மா’ என்று வரும். ஆனால் கணினிக்கு உம்மாவைத் தெரியாது. அதன் வயிற்றில் கிடப்பது அந்த ஐந்து ஆங்கிலக் குறிகள்தான். யுனிகோட் என்றால் தமிழ் எழுத்து தமிழாகவே உள்ளே போகும். இலங்கையிலேயே 2008இல் அதற்குத் தரம் வகுத்து எஸ்எல்எஸ் 1326 என்று இலக்கமும் கொடுத்தாயிற்று. கந்தோரில் சுற்றறிக்கை சுற்றறிக்கையாக வந்தது. அவற்றை நான் பாமினியில்தான் தட்டச்சுச் செய்து கோவைப்படுத்தினேன்.

மருமகன் புதிதாக ஒரு லெப்டொப் வாங்கினார், விண்டோஸ் 11. பழையதைத் தருகிறேன் என்று சொல்லி, உண்மையில் புதியதை எனக்குத் தந்தார், நல்ல பிள்ளை. கொப்பியில் மூன்றாம் கலம், ‘பதில் என்ன’ என்ற கலம், இன்னும் வெறுமையாக இருந்தது. பரவாயில்லை என்று பென்ட்ரைவில் எல்லாவற்றையும் அள்ளிப் புதியதில் கொட்டினேன். திறந்தால், வேர்ட்பேட் இல்லை. எதனால் திறப்பது என்று கேட்டது, நோட்பேட் என்றேன். வளைந்த அடைப்புக்குறிகளும் சாய்கோடுகளுமாக ஒரு காடு, அதற்குள் செமிகோலன் போட்ட ஆங்கிலத்தில் நூற்று எண்பது முஸ்லிம்கள்.

கொமினிகேசன் கடைத் தம்பியிடம் ஓடினேன். “இது சும்மா வேலை அங்கிள்” என்று, பட்டியலை அப்படியே கொப்பி பண்ணி, பாமினியை யுனிகோடாக்கும் பெட்டிக்குள் போட்டு, ஒரு பொத்தானைத் தட்டினான். பெயரெல்லாம் அழகாகத் தமிழில் விழுந்தன. அல்ஹம்துலில்லாஹ் சொல்லி, பெரிய தாளில் பிரின்ட் எடுத்து, ‘திருத்தம் இருப்பின் செயலாளருக்கு அறிவிக்கவும்’ என்று அடியில் போட்டு, ஜும்ஆவுக்கு முன் பள்ளிவாசல் பலகையில் ஒட்டினேன். சரிபார்க்கவில்லை. முப்பத்தைந்து வருடம் அடுத்தவர் எழுதியதைச் சரிபார்த்தவனுக்குத் தன்னுடையதைப் பார்க்கக் கண் வராது.

தொழுகை முடிந்து வெளியே வந்தால் பலகைக்கு முன்னால் சனம். எனக்கு மூத்த காக்கா ஒருவர் கைத்தடியைத் தாளில் ஊன்றிக்கொண்டு நின்றார்.

“தம்பி, எனக்குப் பின்னால என்னத்துக்கு ‘ஏ’ போட்டிருக்கிற?”

பார்த்தேன். அடையாள அட்டை இலக்கக் கலத்தில் ஒன்பது இலக்கம், பிறகு ‘ஏ’. கீழே உள்ளவருக்கும் ‘ஏ’. பழைய அடையாள அட்டையில் ஒன்பது இலக்கத்துக்குப் பின்னால் ஆங்கில ‘வீ’ எழுத்து வருமல்லவா? பாமினியில் பெரிய ‘வீ’ இருக்கும் இடத்தில் ‘ஏ’. நான் ஆங்கிலத்தில் அடித்திருந்த எழுத்தையும் அந்தப் பெட்டி பாமினி என்று நம்பி மாற்றியிருக்கிறது. ஒரே ஒருவரின் அட்டையில் ‘வீ’க்குப் பதில் ‘எக்ஸ்’. அவருக்கு மரியாதையாக ‘ஓ’ என்று விழுந்திருந்தது. கலத்தின் தலைப்பான என்ஐசி, ஒரு கொம்பும் ‘ஐ’யும் ‘ஊ’வுமாகி, யாரோ ஐயோ என்று கத்தப்போய்ப் பாதியில் மூர்ச்சையானதுபோல் நின்றது. 2016க்குப் பிறகு அட்டை எடுத்த இளைஞர்களுக்குப் பன்னிரண்டு இலக்கம், எழுத்தே கிடையாது. ஆகையால் அவர்கள் ஒருவரையும் பட்டியல் ஏசவில்லை. ஊரின் பெரியவர்களை மட்டும் பொறுக்கி எடுத்து, வரிசையாக நிறுத்தி, ‘ஏ’ என்று கூப்பிட்டிருந்தேன்.

“சந்தா குடுக்காதாக்களுக்கா ‘ஏ’?” என்று ஒருவர் கேட்டார்.

“இல்லயில்ல, அடுத்ததா போற ஆக்களுக்கு” என்றார் இன்னொருவர். அதோடு கூட்டத்தின் முகம் மாறிற்று. ஜனாஸா சங்கப் பட்டியலில் இப்படியொரு பகிடி வரக்கூடாது.

யுனிகோட், பாமினி என்று நான் விளக்கம் சொல்லத் தொடங்கினேன். “பாமினி ஆரு?” என்று காக்கா கேட்டார். லதா, நிர்மலாவுக்கே அரை மணித்தியாலம் பிடித்தது ஞாபகம் வந்து, தாளைக் கிழித்துச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

பழைய லெப்டொப் இப்போது விறாந்தையில் கிடக்கிறது. இன்டர்நெட் வயர் கழற்றியாயிற்று. பாமினியும் வேர்ட்பேட்டும் அதற்குள் பத்திரம். புதியதில் ஒவ்வொரு பெயராகக் கையால் சரிபார்த்து ஏற்றுகிறேன், ஒரு நாளைக்குப் பத்துப் பேர். மாரி வந்துவிட்டது. அது முடியும்வரை இரண்டும் கிடக்கட்டும் என்று மனைவி உத்தரவு. கொப்பியின் மூன்றாம் கலத்தில் என் பெயருக்கு நேரே என்ன எழுதியிருக்கிறேன் என்று மகன் கேட்டான். அதை மனைவிதான் நிரப்பவேண்டும் என்று விட்டுவைத்திருக்கிறேன்.

காக்காவைப் பள்ளியில் கண்டால் அவர் சலாம் சொல்லுமுன் தூரத்திலிருந்தே “ஏ!” என்று கூப்பிடுகிறார். நான் உடனே திரும்பிப் பார்க்கிறேன். என் அடையாள அட்டையிலும் ஒன்பது இலக்கம்தானே.