முதலாண்டு வழக்குரை காதை: உறவினர் ஆலோசனை குறித்து ஓர் ஆய்வு

சட்டக் கல்லூரியில் சேர்ந்த பிள்ளை எந்த நாளில் வக்கீலாகிறது? 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தைக் கேட்டால், பட்டம் வாங்கி, 21 வயது நிரம்பி, மாநில பார் கவுன்சிலில் பதிவு செய்த நாளில் என்று சொல்லும். உறவினர்களைக் கேட்டால், ஃபீஸ் கட்டிய ரசீது கைக்கு வந்த நாளில் என்பார்கள். இரண்டுக்கும் நடுவே ஐந்து வருஷம் கிடக்கிறது. அதில் முதல் வருஷம் மட்டுமே நம் ஆய்வு எல்லை. மூன்றாண்டுப் படிப்புக்காரர்களைச் சேர்க்கவில்லை. அவர்கள் முன்பே ஒரு பட்டம் வாங்கி, உறவினர்களைச் சமாளித்துக் கை தேர்ந்தவர்கள். விசேஷ வீடுகளில் சாப்பிட்ட கையோடு செருப்பைத் தேடத் தெரிந்தவர்கள்.

ஆய்வுக்குரிய ஆளை முதலில் வரையறுத்துக்கொள்வோம். வயது பதினேழு அல்லது பதினெட்டு. வெள்ளைச் சட்டையும் கறுப்புப் பேன்ட்டும் புதிதாகத் தைத்திருக்கும். பஸ்ஸில் போகும்போது தடிப் புத்தகத்தின் அட்டை வெளியே தெரியும்படி பிடித்திருக்கும். பதினேழு வயதில் ஒரு சிக்கல் உண்டு. மைனர் செய்யும் ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்று மோகரி பீபி எதிர் தர்மதாஸ் கோஷ் வழக்கில் 1903இல் பிரிவி கவுன்சில் சொல்லிவிட்டது. தன் சொத்தைத் தானே அடமானம் வைக்கத் தகுதியில்லாத அந்தப் பிள்ளையின் முன்னால்தான், நாலு ஏக்கர் நஞ்சையின் பாகப்பிரிவினைப் பத்திரம் மஞ்சள் பையில் வந்து இறங்குகிறது.

பிள்ளை அந்த வருஷம் படிப்பது என்ன? பல கல்லூரிகளில் முதலாண்டிலேயே ஒப்பந்தச் சட்டமும் டார்ட்ஸும் வந்துவிடுகின்றன. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தில் பிரிவுகளுக்குக் கீழே எடுத்துக்காட்டுகள் உண்டு. அவற்றில் ஏ, பி என்று இரண்டு பேர். வேறு வேலை கிடையாது. ஒருவருக்கொருவர் எதையாவது விற்றுக்கொண்டே இருப்பார்கள், அதிலும் குதிரை என்றால் தனிப் பிரியம். கோளாறுள்ள குதிரை என்று தெரிந்தே ஏ அதை ஏலத்தில் பி-க்கு விற்கிறார், வாயைத் திறக்கவில்லை. இது மோசடி ஆகாது என்கிறது 17ஆம் பிரிவு. பி என்பவர் அப்போதுதான் மேஜரான ஏ-யின் சொந்த மகள் என்றால் மட்டும் சொல்லியாக வேண்டுமாம். இன்னோரிடத்தில் ஆயிரம் ரூபாய்க் குதிரையைப் பத்து ரூபாய்க்குக் கொடுக்க ஏ சம்மதிக்கிறார். (அவர் வீட்டார் இதையெல்லாம் எப்படிப் பொறுத்தார்கள் என்று தனியே ஆராய இடமிருக்கிறது.)

டார்ட்ஸ் பக்கம் போனால் நத்தை. 1928 ஆகஸ்டில் ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி ஊரில், தோழி வாங்கிக் கொடுத்த இஞ்சி பியரைக் குடித்த ஒரு பெண்மணி, பாட்டிலில் மிச்சமிருந்ததை ஊற்றும்போது அழுகிய நத்தை விழுந்தது என்றார். வழக்கு பிரபுக்கள் சபை வரை போய் 1932இல் தீர்ப்பானது. நத்தை நிஜமாகவே பாட்டிலுக்குள் இருந்ததா என்பது கடைசி வரை நிரூபிக்கப்படவே இல்லை. இல்லாதிருந்திருக்கக்கூடிய அந்த நத்தையை நம்பி உலகெங்கும் முதலாண்டு மாணவர்கள் பாஸாகிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆக, சரக்கு இருப்பு: குதிரை, நத்தை. கேட்டு வரும் சரக்கோ பட்டா, சிட்டா, அடங்கல், வில்லங்கம், சீட்டுப் பணம், ஓடிப்போன மருமகன். இரண்டும் எங்கேயும் தொட்டுக்கொள்ளவில்லை. ஆயினும் ஆலோசனை நடந்தேறுகிறது. அஃதெங்ஙனமெனின், கூறுதும்.

நெல்லைப் பக்கத்துக் கல்யாண வீடு ஒன்றைச் சான்றாகக் கொள்க. பந்தி முடிந்து வெற்றிலை போடும் நேரம். மாமா ஒருவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சீட்டுப் பணத்தைச் சுருட்டிய ஆளைப் பற்றி விஸ்தாரமாகச் சொல்லி முடிக்கிறார்.

"அவன் மேல ஒரு ஃபோர் ட்வென்ட்டி போட்டுரலாமாடே?"

"இப்ப அது 318 மாமா. நாலாவது உட்பிரிவு."

மாமா முகம் சுண்டிப்போகிறது. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது, 511 பிரிவுகள் 358 ஆகிவிட்டன என்று பிள்ளை விளக்குகிறது. முதலாண்டுக்காரருக்கு ஐயத்திற்கிடமின்றித் தெரிந்த விஷயம் இது ஒன்றுதான். பழைய எண்களை மனப்பாடம் செய்து வைத்திருக்கும் ரிட்டயர்டு குமாஸ்தா சித்தப்பாக்களை ஒரே அடியில் சாய்க்கக்கூடிய ஆயுதமும் இதுவே. ஆனால் மாமாவுக்கு வேண்டியது அது இல்லை.

"முந்நூத்திப் பதினெட்டா? பஸ் நம்பர் மாதிரில்லா இருக்கு. எவன்டே பயப்படுவான்?"

இங்கே மாமா சொன்னதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. 160 ஆண்டுகளுக்கு மேல் ஊறி, தெருச் சண்டையில் வசவாகவும் சினிமாவில் வசனமாகவும் புழங்கிய எண் அது. நாடாளுமன்றம் பிரிவை மாற்றலாம்; வசவை மாற்ற அதற்கு அதிகாரமில்லை என்பதே எம் துணிபு.

அற்றேல், இப்படி ஆலோசனை சொல்வது குற்றமாகாதோ எனின், ஆகாது என்க. பதிவு பெறாதவர் நீதிமன்றத்திலோ வேறு அதிகாரி முன்போ வழக்காடினால் ஆறு மாதம் வரை சிறை என்கிறது வழக்கறிஞர்கள் சட்டத்தின் 45ஆம் பிரிவு. கல்யாணப் பந்தல் அதன் கீழ் வராது. சரி, சொன்ன யோசனை தப்பாகப் போய் மாமா நஷ்ட ஈடு கேட்டால்? இதற்குக் கை கொடுப்பவர் பால்ஃபர். இலங்கையில் பாசன இலாகாவின் இயக்குநராக இருந்தவர். லீவில் இங்கிலாந்து போனவர், உடம்பு சரியில்லாத மனைவியை அங்கேயே விட்டு, மாதம் 30 பவுண்டு அனுப்புவதாகச் சொல்லிவிட்டுக் கொழும்புக்குக் கப்பலேறினார். பிறகு இருவருக்கும் ஒத்துவராமல், மனைவி வழக்குப் போட்டார். வீட்டுக்குள் பேசிக்கொள்வதையெல்லாம் சட்டப்படியான ஒப்பந்தம் என்று எடுத்துக்கொள்ள முடியாது என்று 1919இல் தீர்ப்பாயிற்று. மனைவிக்கே அந்தக் கதி என்றால் மாமா எம்மாத்திரம். ஆலோசனைக்கு முன் வாங்கிக் கொடுத்த ஜிகர்தண்டா எதிர்ப்பயன் ஆகுமா என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு உண்டு.

இனி, மேற்சொன்ன கொள்கைக்கு ஒரு புறனடை. எப்போதாவது ஒருமுறை, கேள்வியும் பாடமும் நேருக்கு நேர் மோதிவிடும்.

பெரியப்பா வீட்டுச் சுவருக்கு மேலே பக்கத்து வீட்டு மாமரக் கிளை சாய்ந்திருக்கிறது. சருகு விழுந்து மொட்டை மாடியின் தூம்பு அடைக்கிறது. கிளையை வெட்டலாமா என்று கேட்கிறார். முதலாண்டு மாணவிக்கு உடம்பெல்லாம் சிலிர்க்கிறது. நியூசன்ஸ் பாடத்தில் இருக்கிறது! லெமன் எதிர் வெப், 1895: நம் எல்லைக்குள் நீளும் கிளையை, அடுத்தவர் மண்ணில் கால் வைக்காமல், முன்னறிவிப்பு இல்லாமலேயே வெட்டலாம். பெரியப்பா சத்தமாக, சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கும்படி, "பிள்ளை படிச்சுட்டுல்லா சொல்லுது!" என்கிறார். அதோடு நிறுத்தியிருக்கலாம். முதலாண்டில் யாரும் நிறுத்துவதில்லை. மில்ஸ் எதிர் புரூக்கர், அதுவும் 1919: வெட்டிய கிளையிலிருக்கும் ஆப்பிள் மரத்துக்காரருக்கே சொந்தம், வெட்டியவர் அதை எடுத்துக்கொண்டால் விலையைக் கொடுக்க வேண்டும்.

கூடத்தில் சத்தமில்லை. சாப்பாட்டு மேசை மேல் ஒரு பீங்கான் ஜாடி, வாய்க்கு வெள்ளைத் துணி கட்டி இருக்கிறது. உள்ளே, கிளையிலிருந்து பறித்த மாவடு, காம்போடு, கடுகு மிதக்கும் உப்புத் தண்ணீரில் சுருங்கிக் கிடக்கிறது. பெரியம்மா ஜாடியை எடுத்து அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்துகிறாள்.

"ஏட்டி, உன்னைப் படிக்க வச்சது எங்களுக்கா, பக்கத்து வீட்டுக்காரனுக்கா?"

கிளை வெட்டப்படவில்லை. இதிலிருந்து நாம் பெறுவது: உறவினர் கேட்பது சட்டத்தை அன்று. வீட்டில் லா படிக்கிற பிள்ளை ஒன்று இருக்கிறது என்பதைச் சுவருக்கு அப்பால் தெரியப்படுத்துவதே அவர்கள் நோக்கம். பிள்ளை வாயைத் திறக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. திறந்தால் பெரும்பாலும் நஷ்டம். சட்டை காயப் போடும் கொடியில் கறுப்புக் கோட்டு ஒன்று தொங்கினாலே காரியம் பாதி முடிந்துவிடுகிறது. பைக்கில் ஸ்டிக்கர் ஒட்டும் வழக்கமும் இதன்பாற்படும்.

இம்முறை எதிர்த்தரப்பும் சும்மா இருக்கவில்லை. மாமரத்துக்காரரின் தங்கை மகன் அதே வருஷம் மதுரையில் சட்டம் சேர்ந்திருந்தான். பொங்கல் லீவுக்கு வந்தவனை அவரும் சுவரோரம் நிறுத்தி, கையில் பேர் ஆக்டைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார். இரண்டு வீட்டாரும் திண்ணையில் காது கொடுத்துக் காத்திருக்க, இரு தரப்பு ஆலோசகர்களும் சுவரின் இரு புறமும் நின்று முக்கால் மணி நேரம் பேசினார்கள். நத்தை வழக்குக்கு யார் நோட்ஸ் நல்ல நோட்ஸ், இன்டர்னலில் எவ்வளவு போடுகிறார்கள், அரியர் வைத்தால் எப்போது எழுத விடுவார்கள் என்பவையே பேசப்பட்டன. அயலான் யார், அவனுக்கு நாம் பட்ட கடமை என்ன என்று லார்டு ஆட்கின் அந்த நத்தை வழக்கில்தான் விளக்கியிருக்கிறார். அந்தப் பகுதியின் ஜெராக்ஸ் மறுநாள் சுவர் தாண்டிப் போயிற்று.

மூன்றாம் வருஷத்தில் இந்நிலை மாறும். சொத்துரிமை மாற்றுச் சட்டமும் சிவில் நடைமுறையும் படித்து, ஒன்றிரண்டு சேம்பர்களில் இன்டர்ன்ஷிப்பும் போய்வந்த பிள்ளை, எதைக் கேட்டாலும் "மூலப் பத்திரத்தைப் பார்க்கணும் பெரியப்பா, லிமிட்டேஷன் இருக்கான்னு பார்க்கணும்" என்று சொல்ல ஆரம்பிக்கும். முதன்முறையாகச் சரியான பதில். உறவினர்கள் அன்றோடு நம்பிக்கை இழந்துவிடுகிறார்கள். "இவளுக்கு ஒண்ணும் தெரியல, காசுதான் தண்டம்" என்று பெரியப்பா சொன்னதாகத் தகவல். சித்தப்பா மகன் இந்த வருஷம் சேர்ந்திருக்கிறான். கேட்டதற்கெல்லாம் டக்கு டக்கென்று பதில் சொல்கிறானாம். பாகப்பிரிவினைப் பத்திரத்தை அவனிடம் கொடுத்தாயிற்று.