பிரம்மதேசத்தில் ரூம் போட்டால்

கார்டிஃபில் வேலை பார்க்கும் என் மைத்துனனுக்கு, லீவு கிடைத்தால் வேல்ஸ் மலைப்பக்கம் போய் ஏதாவது பப்பில் தங்க வேண்டும். ஸ்னோடன் அடிவாரத்தில் பென்-இ-க்விரிட் என்று ஒரு விடுதி உண்டு. 1953-இல் எவரெஸ்ட் ஏறிய குழு அங்கே தங்கித்தான் பயிற்சி எடுத்தது. அவர்கள் போட்ட கையெழுத்து இன்னும் கூரையில் இருக்கிறது. "கீழ சாப்பாடு, மேல படுக்கை, ஊரே வந்து பேசும். நம்ம பக்கம் இந்த மாதிரி உண்டா மாமா?" என்றான்.

ஏன் இல்லை? பப் இருக்கும் இடத்தில் டீக்கடையை வைத்துக்கொண்டால் போதும்.

விழுப்புரம் மாவட்டத்தில் பிரம்மதேசம் இரண்டு. ஒன்று திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகிற பக்கம்; அங்கே போலீஸ் ஸ்டேஷன் பிரசித்தம். இன்னொன்று எண்ணாயிரத்தை ஒட்டி. அங்கே சோழர் காலத்துக் கோயில்கள். டிக்கெட் கேட்டதும் கண்டக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "கோயிலுக்கா, ஸ்டேஷனுக்கா?" என்றார். கோயிலுக்கு என்றதை அவர் முழுசாக நம்பியதாகத் தெரியவில்லை.

ஊரில் லாட்ஜ் கிடையாது. டீக்கடைக்காரர் வீட்டு மாடியில் ஒரு அறை. பாதி அறையில் மல்லாட்டை மூட்டை, மீதியில் கட்டில். ஜன்னல் கதவு சாத்தாது. அதனால் கீழே பாய்லரில் ஆவி சீறுவதில் தொடங்கி முதல் பஸ் ஹாரன் வரை எல்லாமே அறைக்குள் வந்துவிடும். "ஃபேன் ஓடும் சார், ஆனா அதுவா நெனச்சாதான்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். எந்த ஸ்டார் ஓட்டலிலும் இவ்வளவு நேர்மையை நான் பார்த்ததில்லை.

பையை வைத்துவிட்டுக் கீழே இறங்கினால் பெஞ்சில் விசாரணைக் கமிஷன் உட்கார்ந்திருந்தது. சொந்த ஊர் எது, எந்தத் தெரு, அந்தத் தெருவில் ரைஸ் மில்காரர் வீட்டுக்கு மேற்கா கிழக்கா. பொண்ணு பார்க்க வரும் வயசு இல்லை என்பது முகத்திலேயே தெரிந்ததால், நிலம் பார்க்க வந்தவன் என்று ஒருமனதாகத் தீர்ப்பாயிற்று. "கல்வெட்டு படிக்க வந்திருக்கேன்" என்றேன். "அதுல இன்னா எழுதியிருக்கு?" "கோயிலுக்கு நிலம் விட்டது, வரி, நெல்லு..." "அதான் சொன்னனே, நிலம் பாக்கத்தான் வந்திருக்காரு!" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார் ஒரு பெரியவர். கமிஷன் டீக்கு ஒத்திவைக்கப்பட்டது.

வந்தவர்களைத் தங்கவைப்பது இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. எண்ணாயிரத்தில் ராஜேந்திர சோழன் காலத்திலேயே ஒரு ஹாஸ்டல் நடந்திருக்கிறது. 270 இளைய மாணவர், 70 மூத்த மாணவர். ஆளுக்கு இவ்வளவு நெல் என்று அளவு குறித்துக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அளவு குறித்தாலே ஹாஸ்டல் சாப்பாடுதான். டீக்கடைக்காரரின் ஆயா அளவு என்பதையே கேள்விப்படாதவர். கேழ்வரகுக் களி, கருவாட்டுக் குழம்பு. உருண்டையின் நடுவில் கட்டைவிரலால் குழி போட்டு, குழம்பை ஊற்றி, நான் முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருப்பார். "போதும் ஆயா" என்று நான் சொல்லி வாய் மூடுவதற்குள் அடுத்த உருண்டை விழும்.

காளமேகப் புலவர் பிறந்தது எண்ணாயிரத்தில்தான் என்று சொல்பவர்கள் உண்டு. நாகப்பட்டினத்தில் காத்தான் சத்திரத்தில் சோறு தாமதமானதற்கு, இலையில் ஓர் அகப்பை விழுவதற்குள் விடிந்துவிடும் என்று பாடி மானத்தை வாங்கியவர் அவர். சத்திரத்துக்காரர் வருந்தவே, அதே பாட்டுக்குப் புகழ்ச்சியாகவும் அர்த்தம் சொல்லிச் சமாளித்தார் என்பது கதை. ஆயாவிடம் வந்திருந்தால் அவருக்குப் பாட வாயே காலியாக இருந்திருக்காது.

மலை இல்லாமல் போகுமா? பக்கத்தில் செஞ்சி இருக்கிறது. 2025-இல் யுனெஸ்கோ மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டைப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது, தமிழ்நாட்டிலிருந்து சேர்ந்த ஒரே கோட்டை. அங்குள்ள ராஜகிரி மலையில் ஏறப் போகிறேன் என்றதும் கமிஷன் மறுபடி கூடியது. வெயில், குரங்கு, முட்டிவலி என்று பட்டியல் நீண்டது. அவர்களில் ஒருவர்கூட ஏறியதில்லை. "எதுக்கு ஏறணும்? கீழருந்தே நல்லாத் தெரியுதே" என்றார் துண்டுப் பெரியவர். ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகார் கான் 1690-இல் அந்தக் கோட்டையைப் பிடிக்க வந்து, 1698-இல்தான் பிடித்தார். இந்தப் பக்கம் வந்த வெளியூர்க்காரர்களில் அவரளவுக்குத் தங்கியவர் இருக்க முடியாது. அவரை எத்தனை பெஞ்ச் விசாரித்ததோ!

நான் ஏறினேன். அன்று ராத்திரி ஆயா முட்டிக்கு வேப்பெண்ணெய் காய்ச்சிக் கொடுத்தார். துண்டுப் பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. என் முட்டியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

கிளம்பும் நாளில் வாடகை எவ்வளவு என்றேன். "வூட்டுல படுத்ததுக்கு வாடகையா?" என்று டீக்கடைக்காரருக்குக் கோபமே வந்துவிட்டது. சாப்பாட்டுக்கு? ஆயா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். சரி, குடித்த டீக்காவது வாங்கிக்கொள்ளுங்கள் என்றதும் முகம் மலர்ந்து ஒரு நோட்டை எடுத்து நீட்டினார். என் பெயருக்குக் கீழே பக்கம் முழுக்க டீ, நடுநடுவே வடை, போண்டா.

"நான் இவ்ளோ குடிக்கலியே?"

"நீங்க எங்க சார் குடிச்சீங்க? உங்கள விசாரிக்க வந்தவங்க குடிச்சது."