அயோவா பிள்ளையாருக்கு லூசியானா தேங்காய்

சிகரெட் பாக்கெட்டுக்கு நாலு சென்ட் வரி. புதிதல்ல, ஏற்கெனவே இருந்ததுதான். காலாவதியாகப் போகிறதே, நீட்டித்துக்கொள்வோம் என்று 2011இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலச் சட்டமன்றம் மசோதா நிறைவேற்றி அனுப்பியது. ஆளுநர் பாபி ஜிண்டால் வீட்டோ போட்டுத் திருப்பிவிட்டார். இருக்கிற வரியை இருக்கவிடுவதும் வரி உயர்வுதானாம்! கடைசியில் மக்களே ஓட்டுப் போட்டு அந்த நாலு சென்ட்டைக் காப்பாற்றினார்கள். வரி வேண்டும் என்று ஜனங்களும், கூடாது என்று ஆளுநரும் மல்லுக்கட்டிய அதிசயம் எந்த ஊரில் நடக்கும்?

ஜிண்டால் பேசிக்கொண்டிருந்தது லூசியானாவிடம் இல்லை என்று தெரிந்தால் அதிசயம் தீர்ந்துவிடும். வாஷிங்டனில் குரோவர் நார்க்விஸ்ட் என்றொருவர் இருக்கிறார். யாரும் அவரைத் தேர்ந்தெடுத்ததில்லை. ஆனால் ‘எந்நாளும் வரியை உயர்த்த மாட்டேன்’ என்று அவர் நீட்டும் பத்திரத்தில் கையெழுத்துப் போடாமல், குடியரசுக் கட்சிக்காரர் எவரும் அயோவா பக்கம் ஓட்டுக் கேட்டுப் போவது கஷ்டம். ஜனாதிபதி வேட்பாளரை அந்தக் கட்சி தேடத் தொடங்கும் முதல் மாநிலம் அயோவா. கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பார்கள் என்பார்களே, இங்கே கடை லூசியானா.

2008இல் ஜிண்டால் ஆளுநர் நாற்காலியில் உட்கார்ந்தபோது வயது 36. நாட்டிலேயே இளைய ஆளுநர். கஜானாவில் ஏறக்குறைய 100 கோடி டாலர் உபரி. அந்த வருஷமே வருமான வரியைக் குறைத்தார். பிறகு ஆண்டுக்காண்டு ஓட்டை. கையில் அகப்பட்டதை விற்றும் தனி நிதிகளைச் சுரண்டியும் ஒட்டுப்போட்டார். 2015இல் ஓட்டை 160 கோடி டாலர். எண்ணெய் விலை சரிந்ததும் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் கூரையைப் பிரித்து விற்றவர் மழையைக் குறை சொல்லலாமா?

ஏழைகளுக்கான அரசு மருத்துவமனைகளைத் தனியாரிடம் கொடுத்த கதைதான் எனக்கு ஆறவே இல்லை. 2013இல் அவற்றை நடத்திவந்த லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் நிர்வாகக் குழு ஓர் ஒப்பந்தத்துக்கு ஒப்புதல் தந்தது. அதில் 50 பக்கங்கள் வெற்றுத்தாள். வெறும் வெள்ளை! தெருமுனையில் வாடகைக்கு வீடு பிடிக்கிறவன்கூட அப்படி ஒன்றில் கையெழுத்திட மாட்டான். அதே வருஷம் பேட்டன் ரூஜ் நகரில் அந்த அரசு மருத்துவமனைகளில் ஒன்றான ஏர்ல் கே. லாங் மூடப்பட்டது. காப்பீடில்லாத நோயாளிகள் பக்கத்திலிருந்த தனியார் மருத்துவமனைக்குப் போனார்கள். செலவு தாங்காமல் 2015இல் அங்கும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் பூட்டு. நகரின் வடக்கே, கறுப்பின ஏழைகள் வாழும் பகுதியில், நெஞ்சுவலி வந்தால் ஆம்புலன்ஸ் இன்னும் தூரம் ஓடவேண்டியிருந்தது. மத்திய அரசு பெருமளவு பணம் தருகிறோம், ஏழைகளுக்கான அரசுக் காப்பீடான மெடிக்கெய்டை விரிவாக்குங்கள் என்றது. ஜிண்டால் மறுத்தார். அது ஒபாமா பணமாயிற்றே, தொட்டால் அயோவாவில் தீட்டு.

இனி 2015 ஜூன் வித்தையைப் பாருங்கள். பணம் இல்லாமல் பல்கலைக்கழகம் திவாலுக்குத் திட்டம் வரைந்துகொண்டிருந்தது. வரி போடாமல் தீராது. போட்டால் நார்க்விஸ்ட் கோபிப்பார். எனவே ஒரு கட்டணம் பிறந்தது. ஒவ்வொரு மாணவர் தலையிலும் சுமார் 1,500 டாலர் விதிக்கப்படும். மாணவர் ஒரு சென்ட்கூடக் கட்ட வேண்டாம். கட்டாத கட்டணத்துக்கு அவருக்கு வரிச்சலுகை உண்டு. அந்தச் சலுகையும் அவர் கைக்கு வராது, உயர்கல்வி வாரியத்துக்குப் போய்விடும். யாரும் கொடுக்கவில்லை, யாரும் வாங்கவில்லை. ஆனால் காகிதத்தில் ‘வரிக் குறைப்பு’ விழுந்துவிட்டது. அதைக் காட்டி உண்மையான வரி உயர்வுகளை ஈடுகட்டியாயிற்று! 2011இல் நாலு சென்ட்டுக்குச் சாமியாடியவர் ஆட்சியில் சிகரெட் வரி 36 சென்ட்டிலிருந்து 86 ஆனது. பத்திரத்துக்கு ஒரு கீறலும் இல்லை. சட்டமன்றத்தில் சொந்தக் கட்சிக்காரர்களே தலையிலடித்துக்கொண்டார்கள். அடித்துக்கொண்டே ஓட்டும் போட்டார்கள்.

கூட்டத்தொடர் முடிந்து இரண்டு வாரம் ஆகுமுன், ஜூன் 24 அன்று, கென்னர் நகரில் ஜிண்டால் ஜனாதிபதிப் போட்டியில் குதித்தார். பிள்ளைகளிடம் இந்தச் செய்தியைச் சொல்லும் காட்சியை மரத்தில் ஒளித்த கேமராவால் பிடித்து வெளியிட்டார்கள். சொந்த மாநிலத்தில் அவரை மெச்சியவர்கள் மூன்றில் ஒருவர்கூட இல்லை. முக்கியமானவர்கள் இரவு மேடையில் மோத, இவருக்குக் கிடைத்தது தேறாதவர்களுக்கான சாயங்கால விவாதம். செப்டம்பரில் டிரம்ப்பைத் தற்பெருமைப் பித்தர் என்று வெளுத்து வாங்கினார். ஒரு சதவீதத்துக்கு மேல் தேறுகிறவர்களுக்குத்தான் பதில் சொல்வது வழக்கம் என்று டிரம்ப் தட்டிவிட்டுப் போனார்.

நவம்பர் 17இல் கடையைக் கட்டினார். விரிவான கொள்கைத் தாள்களைத் தயாரித்தோம், இந்தப் பருவத்தில் அவற்றில் யாருக்கும் அக்கறையில்லை என்று வருத்தம் வேறு. ஐம்பது வெற்றுத்தாள் ஆட்சியின் தலைவர் இதைச் சொல்கிறார்! அடுத்த மே மாதம், குறைகள் இருந்தாலும் என் ஓட்டு டிரம்ப்புக்கே என்று பத்திரிகையில் எழுதினார்.

அவர் விலகிய நான்காம் நாள் லூசியானா ஒரு ஜனநாயகக் கட்சிக்காரரை ஆளுநராக்கியது. ஜான் பெல் எட்வர்ட்ஸ் பதவியேற்ற மறுநாளே மெடிக்கெய்டை விரிவாக்கக் கையெழுத்திட்டார். 4 லட்சம் பேருக்கு மேல் காப்பீடு கிடைத்தது. அவர்களில் எத்தனை பேர் அந்த இடைப்பட்ட ஆண்டுகளில் மாத்திரை வாங்காமல் காத்திருந்தார்கள்? அயோவாவில் யாரும் கேட்கவில்லை.

கஜானா ஓட்டையை அடைக்க 2016 ஏப்ரலில் மாநில விற்பனை வரி 4 சதவீதத்திலிருந்து 5 ஆயிற்று. செருப்பு வாங்குகிறவர், சோப்பு வாங்குகிறவர் எல்லோரும் கட்டினார்கள். ஜிண்டால் வரியை உயர்த்தியதே இல்லை, நார்க்விஸ்ட் சாட்சி.